ஒரு காப்பிக் கிளை, ஒரு பிடி செம்மண்: ஏற்காட்டில் இயற்கையைப் பார்த்து வரைய, வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

காலையில் சேலத்திலிருந்து ஏறி, ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இறங்குபவரின் கைப்பேசியில் முந்நூறு படம் இருக்கும். வீட்டுக்கு வந்து வரைய உட்கார்ந்தால் ஒரு கோடு வராது. காரணம் எளிது. கேமரா எல்லாவற்றையும் ஒரே சமமாக எடுத்து வைக்கிறது. எது வேண்டும், எது வேண்டாம் என்று கண் இன்னும் முடிவு செய்யவே இல்லை. அந்த முடிவுதான் படைப்பின் தொடக்கம். அதற்கு ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும்.

இந்த வழிகாட்டி ஓவியம் வரைபவருக்கு மட்டும் எழுதியதல்ல. வாசலில் கோலம் போடுபவர், இளம்பிள்ளைப் பக்கம் சேலைக்கு டிசைன் போடுபவர், கொலுசுப் பட்டறையில் புது மாதிரி தேடுபவர் எல்லோருக்கும் சேர்வராயன் மலை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

எப்போது போவது

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காலை வெளிச்சம் சாய்ந்து விழும். இலை நரம்பு, பட்டை மடிப்பு, பாறை விரிசல் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். காப்பிப் பழம் சிவந்து நிற்பதும் அப்போதுதான். மார்ச், ஏப்ரலில் நல்ல கோடை மழை ஒன்று பெய்தால், எட்டு முதல் பத்து நாளில் தோட்டம் முழுக்க காப்பிப் பூ வெள்ளையாகப் பூக்கும். அது நிற்பது இரண்டு மூன்று நாள்தான். மே மாதம் கோடை விழாக் கூட்டம். உட்கார்ந்து வரைய ஏற்ற நேரமல்ல. ஜூன் முதல் நவம்பர் வரை மூடுபனி, பாசி, பெரணி. பார்க்க இதைவிட அழகான காலம் இல்லை, ஆனால் ஈரக் காற்றில் தாள் காயாது. அந்த மாதங்களில் பென்சில், பேனா, மெழுகு வண்ணம் எடுத்துப் போங்கள். நீர்வண்ணத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

காலை ஏழு முதல் ஒன்பதரை வரை நல்ல நேரம். பதினொன்றுக்கு மேல் வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் மலை மடிப்புகள் தட்டையாகிவிடும். மீண்டும் நான்கு மணிக்கு மேல். பகோடா பாயிண்ட் கிழக்கே திறந்த இடம். காலையில் சூரியன் எதிரே நிற்பதால் மலைவரிசைகள் வெறும் விளிம்புகளாகத் தெரியும். லேடீஸ் சீட்டில் மாலை. கீழே சேலம் நகரம், மலைப்பாதையின் வளைவுகள், மேற்கே இறங்கும் வெயில். கூடுமானவரை சனி, ஞாயிறைத் தவிருங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஏ5 அளவு நோட்டு ஒன்று, 150 ஜிஎஸ்எம் தாள் (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை; எண் கூடினால் தாள் தடிமன்). நீர்வண்ணம் என்றால் 300 ஜிஎஸ்எம் தாளில் நான்கைந்து துண்டுகள், ஓர் அட்டையில் கிளிப் போட்டு. எச்பி, 2பி, 4பி பென்சில்கள். வண்ணம் ஐந்து போதும்: அல்ட்ராமரின் நீலம், லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர் (மஞ்சள் காவி), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), கிரிம்சன் (அடர்சிவப்பு). வட்டத் தூரிகை இரண்டு, 4-ம் எண்ணும் 10-ம் எண்ணும். அரை லிட்டர் தண்ணீர், பழைய பருத்தித் துணி.

இவற்றோடு ஒரு விசிட்டிங் கார்டு. அதன் நடுவில் 4 செ.மீ. நீளம், 3 செ.மீ. உயரத்துக்கு ஒரு சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். பரந்த மலையைப் பார்த்துத் திணறும் கண்ணுக்கு இந்தச் சின்ன சன்னல்தான் பிடிமானம். அதைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தால் அதிகம் தெரியும், தள்ளிப் பிடித்தால் ஒரு கிளை மட்டும் தெரியும்.

தின்பண்டத்தை வெளியே வைக்காதீர்கள்; குரங்கு முதலில் எடுப்பது பையைத்தான். விடியற்காலையிலும் அந்தியிலும் காப்பித் தோட்டங்களில் காட்டுமாடு மேயும். தூரத்தில் பார்த்தாலும் வரைய நிற்காமல் வந்த வழியே திரும்புங்கள். தோட்டம் எல்லாமே யாரோ ஒருவருடையது. கேட்டுவிட்டு உள்ளே போனால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பழம் பறிக்கும் நாட்களில் ஆட்கள் போய்வரும் வரிசையை மறித்து உட்காராதீர்கள். ஆர்க்கிட் வரைய ஆசையென்றால் மரத்திலிருந்து பிடுங்க வேண்டாம்; இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஏற்காடு தோட்டத்தில் ஆர்க்கிட்டுக்கென்றே தனி இடம் இருக்கிறது.

முதல் முக்கால் மணி நேரம்

உட்கார்ந்ததும் வரையாதீர்கள். பதினைந்து நிமிடம் பென்சிலைத் தொடாமல் இருங்கள். அந்த நேரத்தில் மூன்று விஷயம் மட்டும் பாருங்கள்: எது அசைகிறது, எது திரும்பத் திரும்ப வருகிறது, எங்கே வெளிச்சம் நிழலைத் தொடுகிறது. மலையில் காற்று அடிக்கும்போது சில்வர் ஓக் மரத்தைக் கவனித்தால் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். பெரணி போலப் பிரிந்த அதன் இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. ஒரு காற்றுக்கு மரம் முழுக்க நிறம் மாறித் திரும்பும். காப்பிக்கு நிழல் தர நட்ட மரம் அது. அதன் தண்டில் மிளகுக்கொடி ஏறியிருக்கும்.

அடுத்து, தாளைப் பார்க்காமல் வரையுங்கள். கண் ஓர் இலையின் விளிம்பில் எறும்பு போல ஊர வேண்டும். கை அதே வேகத்தில் தாளில் நகர வேண்டும். ஒன்றுக்கு ஒரு நிமிடம், ஐந்து முறை. வரும் கோடு கோணலாகத்தான் இருக்கும், அழிக்காதீர்கள். நமக்கு 'இலை' என்றால் ஒரு சின்னம் மனதில் இருக்கிறது. பள்ளியில் வரைந்த அதே மாங்காய் வடிவம். கை அதைத்தான் வரைய ஓடும். தாளைப் பார்க்காதபோது அந்தச் சின்னத்தால் கையை இழுக்க முடிவதில்லை. இந்தப் பயிற்சியைத் தவிர்ப்பவர்கள் மூன்று மணி நேரமும் மனப்பாடத்தை வரைந்துவிட்டுப் போகிறார்கள்.

பிறகு இடைவெளிகளை வரையுங்கள். இரண்டு கிளைகளுக்கு நடுவே தெரியும் வானத்தின் வடிவம், இரண்டு இலைகளுக்கு நடுவே உள்ள இருட்டின் வடிவம். அதற்கு நம் மனதில் சின்னம் ஏதும் இல்லை, அதனால் சரியாக வரும். நாலைந்து இடைவெளி சரியாக விழுந்துவிட்டால் நடுவில் கிளை தானாக நின்றிருக்கும்.

ஒரு காப்பிக் கிளையை முழுதாக வரைதல்

ஏற்காட்டில் காப்பி 1820-களில் வந்த பயிர். இன்று இந்த மலையின் அடையாளமே அதுதான். வரையக் கற்றுக்கொள்ள இதைவிட ஒழுங்கான செடியைக் காண்பது அரிது. முதலில் நடுத்தண்டை ஒரே கோட்டில் போட்டு, அதில் கணுக்களைக் குறியுங்கள். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலை, எதிரெதிரே. நிமிர்ந்த தண்டில் ஒரு சோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த சோடி வடக்கு தெற்காக இருக்கும். பக்கவாட்டில் படரும் கிளையில் இலைக்காம்புகள் முறுக்கிக்கொண்டு எல்லா இலையையும் வெளிச்சத்துக்கு விரித்த ஒரே தளத்தில் கொண்டுவந்துவிடும். இந்த முறுக்கைக் காம்பில் காட்டிவிட்டால் படத்தில் உயிர் வந்துவிடும். காட்டாவிட்டால் ஒட்டுவேலை போலத் தெரியும்.

இலையின் நீளத்தைப் பென்சிலால் அளந்து, அகலம் அதில் எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலும் பாதிக்குச் சற்றுக் குறைவு. நுனி சட்டென்று ஒடுங்கிக் கூராக நீளும். விளிம்பு அலையாக நெளியும். பக்க நரம்புகள் நடு நரம்பிலிருந்து கிளம்பி, விளிம்பைத் தொடும் முன்பே மேல்நோக்கி வளைந்துவிடும். மீன்முள் போல நேர்கோட்டில் விளிம்பு வரை இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு; அப்போது அது காப்பி இலையாக இருக்காது. நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே இலை மேடாகப் புடைத்திருக்கும், அந்த மேட்டில்தான் பளபளப்பு விழும். அந்த இடங்களில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு வெள்ளை பூசிச் சரிசெய்யலாம் என்று நினைத்தால் பளபளப்பு சுண்ணாம்புத் திட்டாகிவிடும்.

பழங்கள் கணுவை ஒட்டிக் கொத்தாக இருக்கும். கொத்தை முதலில் ஒரே உருவமாகப் போடுங்கள். அதில் முன்னால் இருக்கும் மூன்று பழம் மட்டும் முழு வட்டம். மற்றவை பின்னாலிருந்து எட்டிப்பார்க்கும் பிறைகள். ஒவ்வொரு பழத்தின் முனையிலும் தொப்புள் போல ஒரு சின்ன வட்டம் உண்டு. பழம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருப்பதைத் தேடி எடுங்கள்.

மூடுபனி மலைவரிசை

300 ஜிஎஸ்எம் தாள் இதற்குத்தான். அல்ட்ராமரின் மூன்று பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு கலந்தால் நீலச் சாம்பல் வரும். ஒரே கிண்ணத்தில் கொஞ்சம் தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது. மிகத் தூரத்து மலைக்கு இந்தக் கலவையில் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு. அடுத்ததற்கு ஐந்து, அதற்கடுத்து இரண்டு, கண்ணெதிரே இருப்பதற்குக் கலவை அப்படியே. நான்கு வரிசை போதும், ஆறு போட்டால் படிக்கட்டு ஆகிவிடும்.

பனி பள்ளத்தில் தங்கும். ஆகவே ஒவ்வொரு மலைக்கும் மேல்விளிம்பு கூர்மை, கீழ்விளிம்பு கரைசல். மேல்விளிம்பைப் போட்டதும் தூரிகையைக் கழுவி, வெறும் தண்ணீரால் கீழ்ப்பக்கத்தை இழுத்துவிடுங்கள். பிறகு காத்திருங்கள். சேலத்து வெயிலில் மூன்று நான்கு நிமிடத்தில் காயும் பூச்சு, மலையில் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும். புறங்கையைத் தாளுக்கு மேல் வைத்துப் பாருங்கள்; சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். அரைகுறையாகக் காய்ந்த பூச்சின்மேல் ஈரத் தூரிகை பட்டால், புதுத் தண்ணீர் நிறத்தை ஒதுக்கித் தள்ளி காலிஃபிளவர் போல விளிம்பு விட்டுவிடும். நடந்துவிட்டால் தொட்டுக் கெடுக்காதீர்கள். முழுக்கக் காய்ந்தபின் அதன்மேல் ஒரு மரத்தைப் போட்டு மறைக்கலாம்.

நிறத்தை எழுதி வைப்பது

புட்டியில் வரும் பச்சையைப் பூசினால் மலை முழுக்க பிளாஸ்டிக் ஆகிவிடும். காப்பி இலைக்கு அல்ட்ராமரினும் லெமன் யெல்லோவும் கலந்து, பர்ன்ட் சியன்னா ஒரு துளி. தளிர் சில வகைச் செடிகளில் வெண்கல நிறமாக இருக்கும். அதில் பச்சையைவிடச் சியன்னா அதிகம்.

மலையின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். உடைத்த முகம் கருநீலச் சாம்பல். காலப்போக்கில் சிதைந்து மேலே செம்மண்ணாகவும் பாக்சைட்டாகவும் மாறியிருக்கிறது. ஆகவே அந்தச் சாம்பலும் இந்தச் சிவப்பும் ஒரே கல்லின் இரண்டு வயது. படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவை ஒன்றையொன்று அடிக்காது.

சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் ஒன்று, பாதி மலையில் ஒன்று, மேலே ஒன்று என்று மூன்று நிறப் பட்டைகள் எடுங்கள். (வளைவில் வண்டியை நிறுத்தவே கூடாது, ஒதுங்கி நிறுத்த இடமுள்ள பகுதிகளில் மட்டும்.) ஒவ்வொரு பட்டையும் 10 செ.மீ. நீளம். கண்ணில் அதிகம் படும் நிறத்துக்கு அதிக நீளம், குறைவாகப் படுவதற்குக் கொஞ்சம். மார்ச் மாதம் அடிவாரத்தில் எடுத்தால் வைக்கோலும் காவியும் எட்டு செ.மீ. பிடிக்கும், பச்சை கால் செ.மீ.கூட வராது. மேலே அது தலைகீழ். இந்தப் பட்டை அப்படியே ஒரு சேலையின் கணக்கு: நீளமானது உடல், அடுத்தது கரை, கால் செ.மீ. நிறம் முந்தானையில் ஓடும் ஒற்றை இழை. மலை தந்த அளவை மாற்றாமல் ஒருமுறை நெய்து பாருங்கள்.

செம்மண்ணில் வண்ணம் செய்தல்

கோயில் மதிலிலும் கோலத்தின் ஓரத்திலும் காவி பூசி வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. காப்புக்காட்டில் தோண்டாதீர்கள், தெரிந்தவர் தோட்டத்தில் கேட்டு வாங்கிய 200 கிராம் மண் போதும்.

மண்ணைக் காயவைத்து, கல், வேர் நீக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். ஒரு நிமிடம் விடுங்கள். மணல் அடியில் இறங்கும். மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு ஊற்றுங்கள். இதை இன்னும் இரண்டு முறை செய்துவிட்டு, கடைசிக் கலங்கலை ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் நிற்கும் வண்டலைத் தட்டில் பரப்பி நிழலில் காயவையுங்கள். பொடித்து மெல்லிய துணியில் சலித்தால், விரலில் முகப்பவுடர் போல வழுக்கும் தூள் கிடைக்கும். நறநறவென்றால் மணல் இன்னும் இருக்கிறது; மறுபடி கரைத்து, கலங்கலை மட்டும் இறுத்தெடுக்க வேண்டும். மஞ்சள் மண் கிடைத்தால் அதில் பாதியை இரும்புச் சட்டியில் நன்றாகச் சூடேற வறுத்துப் பாருங்கள். மண்ணிலுள்ள இரும்புச் சேர்மம் தண்ணீரை இழந்து சிவக்கும். ஒரே மண்ணில் இரண்டு நிறம்.

பிசைய நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் வாங்குங்கள். பாதாம் பிசின் வேண்டாம். அது கரையாது, ஊதிப் பெருகும். 10 கிராம் பிசினை 20 மில்லி வெந்நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, அரைத் தேக்கரண்டி தேன், பூசணம் பிடிக்காமலிருக்க ஒரு துளி கிராம்புத் தைலம். தூளும் பிசின் நீரும் சம பங்கு எடுத்து, கண்ணாடித் தகட்டின்மேல் தட்டை அடியுள்ள கண்ணாடிக் குப்பியால் பதினைந்து நிமிடம் வட்டமாகத் தேயுங்கள். தாளில் பூசிக் காய்ந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள். நிறம் விரலில் ஒட்டினால் பிசின் போதவில்லை. பளபளத்துச் செதிலாக உரிந்தால் பிசின் அதிகம். மீந்த வண்ணத்தைக் கட்டியாக்க அச்சில் ஊற்றி வைத்து, அது காயும்போது பாளமாக வெடித்தால் தேன் இன்னும் சில துளி.

சேலம் வெள்ளைக்கல்லையும் இப்படிச் செய்யலாமே என்று தோன்றும். மேக்னசைட் தூள் உலர்ந்தபோது பால் வெள்ளை, பிசினில் குழைத்தால் ஒளி ஊடுருவி மங்கிவிடும். கோலப்பொடியோடு கலக்க ஏற்றது; தாளில் வெள்ளைக்குத் தாளே போதும்.

கிளையிலிருந்து கோலத்துக்கும் தறிக்கும்

காப்பிப் பூவுக்குப் பெரும்பாலும் ஐந்து இதழ். இதைப் புள்ளிக் கோலத்தில் கொண்டுவர முயன்றால் தட்டுத்தடுமாறும். நேர்ப்புள்ளி நான்கு திசைக்கு உரியது, இடுக்குப் புள்ளி ஆறு திசைக்கு. ஐந்து இரண்டிலும் உட்காராது. இரண்டு வழி உண்டு. இடுக்குப் புள்ளி 7-லிருந்து 4 வரை வையுங்கள், மொத்தம் 37 புள்ளி. நடுப்புள்ளியிலிருந்து ஆறு பக்கமும் மூன்று மூன்று புள்ளி வெளியே போகும். அந்த ஆறும் ஆறு இதழ். அல்லது ஐந்து இதழே வேண்டுமென்றால் புள்ளியை விட்டுவிட்டு வட்டத்துக்குள் கைக்கோலமாகப் போடுங்கள். எங்கள் விருப்பம் முதல் வழி. பூவை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு ஆறு தவறுதான், ஆனால் வாசலில் அது அடுத்த பூவோடு கைகோத்துக்கொண்டு போகும்.

சேலைக் கரைக்கு, எதிரெதிர் இலைச் சோடியே ஆயத்தமான அமைப்பு. ஒரு கணுவை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப வையுங்கள். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றைக் கண்ணாடிபோல் புரட்டுங்கள். வரைபடத் தாளில் ஏற்றும்போதுதான் கோளாறு வரும். உதாரணமாக, அங்குலத்துக்குப் பாவு (நெடுக்கு) இழை 80, ஊடை (குறுக்கு) இழை 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பிப் பழத்துக்கு 20 கட்டம் அகலம், 20 கட்டம் உயரம் போட்டால் தாளில் வட்டம். தறியில் அகலம் கால் அங்குலம், உயரம் மூன்றில் ஓர் அங்குலம். பழம் நெட்டை முட்டையாகிவிடும். 20 கட்டம் அகலத்துக்கு 15 கட்டம் உயரம் போட்டால் வட்டம் வட்டமாக இறங்கும். முதலில் நெசவாளரிடம் இழைக் கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் பென்சிலை எடுக்க வேண்டும்.

இலையின் உட்பகுதியை முழுக்க ஒரே நிறமாக நிரப்பாதீர்கள். இழை நீளமாகக் கட்டின்றி மிதந்தால் கொலுசிலும் வளையலிலும் மாட்டி இழுபடும். பக்க நரம்புகள் இருக்கும் இடத்தில் கட்டுப்புள்ளி வைத்தால் இழையும் பிடிபடும், நரம்பும் தெரியும்.

கொலுசுக்கு வரைபவர்கள் பெரிதாக வரைந்து சுருக்குகிறார்கள். அது வேண்டாம். 8 மி.மீ. அகலப் பட்டையைத் தாளில் போட்டு அதற்குள்ளேயே வரையுங்கள். அந்த அளவில் நரம்பு மறைந்துவிடும். நிற்பது கணுவும் மூன்று முத்தும் மட்டுமே. பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியது அதுதான்.

அதே கிளைக்குத் திரும்பிப் போதல்

முதல் நாள் வரைந்த கிளைக்கு அடையாளம் வையுங்கள்: எந்த வரிசை, எத்தனையாவது செடி, எந்தப் பக்கம். நோட்டில் தேதி, மணி, பனியா வெயிலா என்று எழுதுங்கள். நிறப் பட்டையின் பின்னாலும் எழுதுங்கள், ஆறு மாதம் கழித்து எது எங்கே எடுத்தது என்று நினைவிருக்காது. டிசம்பரில் பழம் வரைந்த அதே கணுவில் ஜனவரியில் வெறும் தழும்பு இருக்கும். பிப்ரவரியில் அருகே பென்சில் முனை அளவுக்குப் பச்சை மொட்டு ஒடுங்கிக் கிடக்கும். தோட்டத்தில் பழகியவரிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: மார்ச்சில் மண் நனையும்படி முதல் மழை பெய்த அன்று ஒரு போன் செய்யச் சொல்லி. அன்றிலிருந்து எண்ணுங்கள். எட்டாம் நாள் விடிவதற்குள் அந்தக் கிளைக்கு முன்னால் இருக்க வேண்டும்.